அது ஹைட்ரஜன் என்று சொல்லியிருக்கலாம்

ஆடிக்குப் பிறந்த வீடு போன என் மனைவியை ஆவணியில் நான் அழைத்து வரவில்லை. எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை முதல் ஆடிக்கு அவள் வீட்டார் வந்து கூட்டிப் போவார்கள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை போய்க் கூட்டி வரவேண்டும். நான் போகாமல் இருக்கவில்லை. பல தடவை போனேன். ஆனால் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே ஒவ்வொரு தடவையும் போனேன், தனியாகத் திரும்பி வந்தேன். அவள் ராசியில்லாதவள் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அது ராசி இல்லை, ஹைட்ரஜன் என்று எனக்குத் தெரியும்.

மதுரையில் வேதியியல் படித்து முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் போடிக்குத் திரும்பினேன். வேலை எதுவும் அமையவில்லை. அப்பாவுக்குச் சிலமலையில் நிலமும், போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டிடமும் இருந்தன. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அந்தத் தெருவில்தான் நிற்கும். மலை ஏறி இறங்கும் ஜீப்புக்குப் பேட்டரி ரொம்ப நாள் தாங்காது. மேலே பனியில் நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருகினால் சத்தமே வராது, நாலு பேர் இறங்கித் தள்ளவேண்டும். பேட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்று வைத்தால் ஓடும் என்று அப்பா சொன்னார். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரே வாசல் வைத்த சார்ஜ் அறை என்று தடுத்தோம்.

அந்த அறைக்கு ஒரு மேல் ஜன்னல் வைக்கவேண்டும் என்று சொன்னவன் நான்தான். பேட்டரி சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரியத் தொடங்கும். ஒரு தகட்டில் ஆக்சிஜன், மற்றதில் ஹைட்ரஜன். குமிழி குமிழியாக வருவதைப் பார்த்து டிரைவர்கள் "கொதிச்சிருச்சு, எடுத்துரு" என்பார்கள். அறையில் மூக்கில் ஏறும் நெடி ஆசிட்டுடையது. ஹைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. இருக்கிற பொருள்களிலேயே லேசானது அதுதான் என்பதால் நேராகக் கூரைக்குப் போகும். எங்கள் அறைக்கு ஓடு இல்லை, கான்கிரீட் தளம். மேலே போன வாயு வெளியேற வழி வேண்டும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "புதுச் செவுத்துல எவனாச்சும் ஓட்டை போடுவானாடா?" என்றார். நான் கரும்பலகை முன்னால் நிற்பவன்போல விளக்கினேன். கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தளத்துக்கு ஒரு சாண் கீழே நீளவாக்கில் ஜன்னல் வைத்தார். மழைக்குச் சாத்த மரக்கதவும், அதை இழுக்கக் கயிறும் இருந்தன. பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே அந்த ஜன்னலைக் காட்டுவார். "எம்மகன் படிச்ச படிப்பு. கண்ணுக்குத் தெரியாத காத்துக்கும் வாசல் வச்சுட்டான்." அந்தப் பெருமையைக் கேட்டு நானும் வளர்ந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

தை மாதம் கல்யாணம். அவளுக்கு ஊர் தேவாரம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். போடிமெட்டுக்குப் போகும் வழியில் மலைச்சரிவில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. பள்ளி இறுதி வரை படித்திருந்தாள். எதையும் "சரி" என்று விட்டுவிட மாட்டாள், "ஏன்" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் விடுவாள். மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கு அவள்தான் கொண்டுவருவாள். நான் சாப்பிடும்போது பேட்டரிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இது என்னங்க, சோறு கொதிக்கிற மாதிரி கொதிக்குது, தொட்டா அம்புட்டு சூடு இல்ல?"

"கொதிக்கல. தண்ணி ரெண்டாப் பிரியுது. பிரியிறதுல ஒண்ணு ஹைட்ரஜன்."

"எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

ஒரு மாசி மத்தியானம் கடையை ஒட்டிய கொல்லையில் வைத்துக் காட்டினேன். தீர்ந்துபோன டார்ச் லைட் செல்லைப் பிரித்து அதன் துத்தநாகக் கூட்டைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு பாட்டிலில் போட்டு, தண்ணீர் கலந்த பேட்டரி ஆசிட்டை ஊற்றி, மூடியில் ஜீப்பின் பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றைச் செருகினேன். டியூப்பின் நுனியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் குமிழி ஊதும். வாயால் ஊதும் குமிழி கொஞ்ச தூரம் போய்க் கீழே இறங்கிவிடும். இது நுனியை விட்டதும் நேராக மேலே ஏறியது. கொல்லைச் சுவரைத் தாண்டியது, பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டை மாடியைத் தாண்டியது. அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எது வரைக்கும் போகும்?"

"குமிழி உடைஞ்சிரும். உள்ள இருக்கறது போய்க்கிட்டே இருக்கும். அத இந்தப் பூமியால இழுத்துப் பிடிச்சு வச்சுக்க முடியாது. கடைசியில வானத்த விட்டே போயிரும்."

"எங்க தோட்டத்தத் தாண்டித்தான போகணும்? போற போக்குல எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க. இங்க மாப்பிள்ளை கடையில யாவாரம் பாக்காம சோப்பு ஊதிக்கிட்டு இருக்காருன்னு."

அடுத்த குமிழியை விளக்குமாற்றுக் குச்சியில் தீ வைத்துத் தொட்டேன். டப்பென்று வெடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டுத் திரும்பவும் முன்னால் வந்தாள்.

"தீயவே காணோம், சத்தம் மட்டும் வருது."

"ஹைட்ரஜன் எரியிற தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது. எரிஞ்சு முடிஞ்சா மறுபடி தண்ணியாயிரும்."

"இன்னொண்ணு விடுங்க, நான் வைக்கிறேன்" என்று குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்றை வெடித்தாள், இன்னொன்று தப்பித்துப் போனது, மூன்றாவதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். பேட்டரி எடுக்க வந்த ஜீப் டிரைவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன மாப்ளே, பகல்லயே தீவாளியா? எம் பேட்டரி ஏறுச்சா, இல்ல அதையும் சோப்புல போட்டு ஊதிட்டியா?"

"ஏறிருச்சுண்ணே, எடுத்துக்கங்க."

"எடுத்துக்கிறேன், நீ மெதுவா வா. புதுசுல எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எங்களுக்குப் பேட்டரி இல்ல, அவ்வளவுதான்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த மாசி, பங்குனி, சித்திரை மாதங்களை இப்போது ஒவ்வொரு நாளாக நினைத்து எடுக்கப் பார்க்கிறேன். நாள்கள் வரமாட்டேன் என்கின்றன. அந்த ஒரு மத்தியானம்தான் முழுதாக இருக்கிறது, அவள் கழுத்து வியர்வை உட்பட.

ஆனி மாதம் காற்று தொடங்கியது. போடிக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் நமக்குக் காற்று மட்டும் இறங்கி வரும். தெருப்புழுதி முழுக்க வீட்டுக்குள் இருக்கும், சாப்பிட்டால் பல்லில் மண் கடிபடும். கடைத்தெருவில் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வியாபாரம் நடக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குச் சாம்பிராணி போட்டுச் சூடம் காட்டுவது வழக்கம். தராசு வைத்திருப்பவன் தராசுக்குக் காட்டுவான், தையல் மெஷின் வைத்திருப்பவன் மெஷினுக்குக் காட்டுவான். நாங்கள் சார்ஜ் அறையில் காட்டினோம். தொழில் நடக்கிற இடம் அதுதானே என்று சாமி படங்களை அப்பா அங்கேதான் மாட்டியிருந்தார். ஆசிட் தெறிக்காத உயரத்தில், தளத்தை ஒட்டி, வரிசையாக. தட்டைத் தலைக்கு மேலே தூக்கித்தான் காட்டவேண்டும். கல்யாணமான பிறகு மருமகள் கையால் காட்டட்டும் என்று அம்மா சொன்னாள். மேல் ஜன்னல் திறந்திருந்தவரை அதில் ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் சூடம் காட்டும் நேரத்தில் சார்ஜரை நிறுத்தியும் வைப்பேன்.

ஆனியில் இரண்டாவது வெள்ளிக்கிழமை. மறுநாள் ஆள் ஏற்றப் போகும் ஜீப்புகளுக்கு அன்றைக்குள் பேட்டரி வேண்டும் என்று காலையிலிருந்தே அவசரம். பெஞ்சு முழுக்கப் பேட்டரிகள் சார்ஜில் இருந்தன, எல்லாம் கொதிக்கும் நிலை. ஒரு பத்து நிமிடம் நிறுத்தினால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. புழுதிக்குப் பயந்து மத்தியானமே மேல் ஜன்னல் கதவைப் பாதி இறக்கியிருந்தேன்.

அவள் சூடத்தைப் பற்றவைத்தாள். காற்றில் அணைந்தது. திரும்பப் பற்றவைத்துத் தட்டைத் தூக்கும்போது திரும்பவும் அணைந்தது. முன்கடையில் இருந்த அம்மாவுக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது.

"திரும்ப அணைஞ்சிருச்சா? என்ன சகுனமோ. நான் காட்டுன வரைக்கும் ஒரு நாளும் அணைஞ்சதில்ல ஆத்தா."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா பெஞ்சுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். நான் முன்கடைக்குப் போகும் வாசல் கதவைச் சாத்தினேன். பிறகு கயிற்றை இழுத்து மேல் ஜன்னலையும் முழுதாகச் சாத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்: "மேல் ஜன்னலையுமா?"

"ஒரு நிமிசந்தான. ஒண்ணும் ஆகாது, காட்டு" என்றேன்.

ஆனால் உடனே காட்ட முடியவில்லை. தட்டிலிருந்த சூடம் தீர்ந்துவிட்டது, வேறு எடுக்கவேண்டும், தீப்பெட்டியைக் காணவில்லை என்று நேரம் போயிற்று. ஒரு வழியாகப் பற்றியது. இந்தத் தடவை சுடர் ஆடாமல் நின்றது. அவள் தட்டைப் படங்களுக்கு நேராகத் தூக்கினாள்.

தளத்தை ஒட்டி ஒரு நீல விரிப்பு ஓடியதுபோல இருந்தது. சத்தத்தை நான் கேட்டேனா என்று தெரியவில்லை, காது அடைத்துப்போயிற்று. மேல் ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. பெஞ்சிலிருந்த பேட்டரிகள் பிளந்து ஆசிட் அப்பாவின் முகத்தில் அடித்தது. அவளுடைய வலது கையில் முழங்கை வரை. நான் கயிற்றருகே வாசலோரம் இருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அப்பாவை இழுத்துவந்து கண்ணில் தண்ணீரை ஊற்றினேன், குடம் குடமாக ஊற்றினேன். அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன். அவளைப் பார்க்கவில்லை. அவளே போய்த் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஒரு கண்ணைத்தான் காப்பாற்ற முடிந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் நினைவு தெளிந்ததும் என் கையைத் தடவிப் பிடித்துக் கேட்டார்:

"மேல் ஜன்னல் தெறந்துதானடா இருந்துச்சு?"

"தெறந்துதான்ப்பா இருந்துச்சு" என்றேன்.

"அப்ப எப்படிடா?"

"தெரியலப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் திட்டியிருப்பார். அடித்திருக்க மாட்டார், கண்ணில் கட்டோடு என்ன அடிப்பது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கும் வாசல் வைத்தவன் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அந்த வாசலை நானே அடைத்தேன் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை.

நான் காரணம் சொல்லாததால் வீட்டில் வேறு காரணம் கிடைத்தது. ஜன்னல் திறந்திருந்தது, மகன் படித்தவன், பேட்டரி வருடக்கணக்காகக் கொதிக்கிறது, ஒரு நாளும் வெடித்ததில்லை. அன்றைக்கு மட்டும் என்ன புதிது? சூடத்தட்டைப் பிடித்த கை. சூடம் வேறு அணைந்து அணைந்து எரிந்தது. அம்மா கொடுமைக்காரி இல்லை. கணவரின் கண் போன துக்கத்தில் அதைச் சொன்னாள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். "வந்த எடம் வெளங்கலையே" என்று கூடத்தில் சொல்வார்கள். அடுப்படியில் கையில் கட்டோடு அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் அவளுடைய அண்ணன் வந்தார். வழக்கப்படி அழைத்துப் போகத்தான் வந்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கொல்லைப் பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமாகிட்டச் சொல்லிட்டு வந்து என்னையக் கூப்பிடுங்க."

"சொல்றேன்."

"நான் சொல்லிருப்பேன். நான் சொன்னா, தப்பிச்சுக்கப் புருசன் மேல பழியத் தூக்கிப் போடுறான்னுதான் நெனப்பாக. நீங்க சொன்னாத்தான் சரி. ஆவணி வரைக்கும் இருக்கு. வெரசா ஒண்ணும் வேணாம். மாமாவுக்குக் கண்ணு கொஞ்சம் ஆறட்டும்."

எனக்கு அவகாசமும் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஆவணியில் முதல் தடவை போனபோது அவர்கள் எல்லாரும் தோட்டத்தில் இருந்தார்கள், காய் பறிப்பு தொடங்கியிருந்தது. ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கீழே போடி முழுக்கத் தெரியும், பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலில் அவள் நின்றிருந்தாள். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கையின் தோல் இழுத்துப் பளபளப்பாக இருந்தது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அந்தக் கையாலேயே பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்தாள். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்.

"சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல. அப்பாவுக்குக் கண்ணுத் தையல் பிரிக்கட்டும்னு இருக்கேன்."

"சரி."

அடுத்த தடவையும் கேட்டாள். தீபாவளி முடியட்டும் என்றேன். அதற்கு அடுத்த தடவை, அப்பா இப்போதுதான் தெருவில் நடக்கப் பழகுகிறார், மனது உடைந்துவிடும் என்றேன். ஒவ்வொன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் உண்மையாக இருந்ததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

அவள் அண்ணன் ஒரு நாள் ஸ்டோருக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். உள்ளே சூட்டுக் குழாய்களுக்கு மேலே தட்டுத் தட்டாகக் காய் காய்ந்துகொண்டிருந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்குறேன். எந்தங்கச்சி ராசியில்லாதவன்னு உங்கூட்டுல பேசுறாகளாம். இந்த அடுப்புக்குத் தெனம் தீ வைக்கிறது அவதான். ஸ்டோர் இன்னும் நிக்குதா, இல்லையான்னு நல்லா ஒரு தடவை சுத்திப் பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு தட்டை இழுத்துக் காயைப் புரட்டினார்.

"உங்கள நான் ஒண்ணும் சொல்லல. நீங்க படிச்சவரு. அந்தப் பேச்ச நீங்க நம்புறீகளா?"

"இல்ல மச்சான்."

"நம்பல, சரி. அப்ப என்ன கதைன்னு உங்கூட்டுல சொல்லிக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான? நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?"

அவள் அவரிடம்கூட ஜன்னலைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

போடியில் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை முழுவதும் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் சரிவில் அங்கங்கே ஸ்டோர்களிலிருந்து புகை எழும். எது அவர்களுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பார்ப்பேன். இப்போது அவள் விறகு தள்ளுகிறாள், இப்போது கையை உதறிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இறங்கிப் போய், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று படியிறங்குவேன். அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "காத்து நின்னுருச்சாடா?" என்று கேட்பார். "நின்னுருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

தை பிறந்து கல்யாண நாள் வந்தது. புடவை வாங்கிக்கொண்டு போனேன். அவள் புடவையை வாங்கிக்கொண்டாள், நன்றாக இருக்கிறது என்றாள். சோறு போட்டாள். இந்த வருடம் காய் நன்றாக இருப்பதைப் பற்றியும், தேவாரத்தில் யானை இறங்கிச் சோளத்தை மிதித்ததைப் பற்றியும் பேசினாள். ஜீப் வரை வந்தாள். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். இந்தத் தடவைக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "பாத்துப் போங்க" என்றாள். ஜீப் இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் அவள் கேட்கவில்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது. இறங்கித் திரும்பி ஓடியிருக்கலாம். ஜீப்பில் மற்றவர்கள் இருந்தார்கள், உட்கார்ந்திருந்தேன்.

சித்திரையில் தேவாரத்தில் அவர்கள் வீட்டில் பேசித் தீர்த்துவிட உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்பா. மனம் ஒப்பவில்லை, பிரித்துவிடலாம் என்று பேச்சு முடிந்தது. காரணத்தை யாரும் சபையில் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மூத்தவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்பு, வாழ்ந்தவன் நீ. எதுவும் சொல்றதுக்கு இருக்கா?"

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னால் அவள் இருந்தாள், வளையல் சத்தம் கேட்டது. அப்பா கண்ணாடியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

அடுத்த வருடமே அவளுக்கு மலை மேலேயே ஒரு நல்ல இடத்தில் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். அவள் அண்ணனைக் கடைத்தெருவில் பார்ப்பேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

பேட்டரிக் கடையை மூடிவிட்டு ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். எண்பதுகளில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் ஹைட்ரஜன் பாடம் வரும். துத்தநாகம், அமிலம், தலைகீழாகக் கவிழ்த்த சோதனைக் குழாய். எரியும் குச்சியைக் காட்டினால் டப்பென்ற சத்தம், பிள்ளைகளின் சிரிப்பு. நிறமற்றது, மணமற்றது, காற்றைவிட லேசானது, மூடிய அறையில் கூரையை ஒட்டிச் சேரும், நெருப்பு ஆகாது, ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எழுதிக்கொள்வார்கள். எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். அவர் போகும்வரை அவரிடம் சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் புதுப்பெண் வந்த மாதமே பசுமாடு செத்துப்போனதாம். "சில பேரு வந்தா அப்படித்தான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு மேல் ஜன்னலச் சாத்துனது நான்."

"எந்த ஜன்னல்?"

அவளுக்கு ஜன்னலே நினைவில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர் பிரிவதை, வாயு மேலே ஏறுவதை, தளத்தை ஒட்டி நின்றதை, தட்டு அதற்கு நேராகப் போனதை. அம்மா உரித்துக்கொண்டே கேட்டாள்.

"வாசம் வராதா அதுக்கு?"

"வராது."

"கண்ணுக்கும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப நாங்க எப்படிடா கண்டோம்? உனக்கு ஒருத்தனுக்குத்தான தெரியும்."

உரித்த மொச்சையைத் தட்டில் தள்ளிவிட்டு, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். சாத்தும்போதே கேட்டா, மேல் ஜன்னலையுமான்னு."

அம்மாவின் கை நின்றது. "தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? அம்புட்டுப் பேச்சு பேசினேனே. காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தா" என்றாள். பிறகு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அம்மா ஜீப் ஏறிவிட்டாள். மலைக்குப் போய்ப் பழக்கமில்லாதவள், வளைவில் தலை சுற்றும் என்று சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகமாட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. இருட்டுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை, அவள் சேலையில் ஸ்டோர் புகையும் ஏலக்காயும் மணந்தன.

"நல்லா இருக்கா. ரெண்டு பயலுக. கைதான் அப்படியே இருக்கு" என்றாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"எம்மகன் இப்பத்தான் ஆத்தா சொன்னான், நான் பேசுனதெல்லாம் தப்புன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சொல்லிட்டாகளான்னு கேட்டா. ஆமான்னேன். எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா. அப்புறமா வந்து காப்பி குடுத்தா."

"வேற எதும் கேக்கலையா?"

"வேற என்னடா கேப்பா?"

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த "அப்புறமா" எவ்வளவு நேரம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி அதைச் சொல்ல ஆள் இல்லை. மலையில் அந்த அடுப்படியை நான் பார்த்ததில்லை. எப்படியிருக்கும் என்று நானாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், அதில் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருக்கிறாள்.